ஒரு நாடு சோசலிச நாடா என்று நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி: சீனாவை முன்வைத்து

சீன அரசியல் சாசனத்தின் முதல் பிரிவைப் படித்தால், தொழிலாளி வர்க்கம் தலைமை தாங்குகிற, தொழிலாளர் விவசாயிகள் கூட்டணியை அடித்தளமாகக் கொண்ட சோசலிச அரசு என்று எழுதியிருக்கும். அதே நாட்டில் 1990 டிசம்பரில் ஷாங்காய் பங்குச் சந்தையைத் திறந்தார்கள், இன்று டாலர் பில்லியனர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் கட்சி உறுப்பினர்களும்கூட. சரி, இது சோசலிசமா இல்லையா? கேட்டவுடனே ஒருவர் "கம்யூனிஸ்ட் கட்சிதானே ஆள்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்" என்பார், இன்னொருவர் "சந்தை வந்துவிட்டது, அதோடு எல்லாம் முடிந்தது" என்பார். இரண்டு பேருமே பெயர்ப்பலகையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். முதலாளித்துவத்துக்கு மாற்று சாத்தியம் என்று நம்புகிற யாருக்கும், எது மாற்று, எது மாற்றைப் போலத் தோன்றுவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எந்த வரிசையில் சோதித்துப் பார்க்கிறேனோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அளவுகோலை முடிவு செய்யுங்கள்

இந்த விவாதத்தில் பாதிச் சண்டை, ஆளுக்கொரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமலே பேசுவதால் வருவது.

மார்க்ஸ் 1875-ல் கோத்தா வேலைத்திட்டம் என்ற ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதியபோது, பொதுவுடைமைச் சமூகத்தின் முதல் கட்டத்திலேயே உற்பத்தியாளர்கள் தங்கள் பொருள்களைப் பண்டமாகப் பரிமாறிக்கொள்ள மாட்டார்கள் என்றார், அதாவது சந்தைக்கே அங்கே இடமில்லை. இதை அப்படியே வைத்தால் சீனா தேறாது, ஆனால் கூலியும் ரூபிளும் கடையும் இருந்த சோவியத் யூனியனும் தேறாது, கியூபாவும் தேறாது. எல்லோருக்கும் பூஜ்யம் போடுகிற அளவுகோல் தவறானது என்று சொல்லமாட்டேன், இரண்டு நாடுகளை ஒப்பிட மட்டும் அது உதவாது.

இரண்டாவது லெனினுடையது. 1918 மே மாதத்தில் அவர், சோவியத் சோசலிசக் குடியரசு என்ற பெயர் சோசலிசத்துக்கு மாறிச் செல்லும் உறுதியைக் குறிக்கிறதே தவிர, அப்போதைய பொருளாதார அமைப்பே சோசலிச அமைப்பு என்று அதற்குப் பொருளில்லை என்று வெளிப்படையாக எழுதினார். புரட்சி நடந்து ஆறே மாதத்தில் ஒரு தலைவர் இப்படி எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். இதன்படி "இது சோசலிசமா" என்ற கேள்வி "இந்த நாடு எந்தத் திசையில் போகிறது" என்று மாறிவிடுகிறது.

மூன்றாவது, சீனக் கட்சியே தனக்கு வைத்துக்கொண்டது. சந்தைச் சீர்திருத்தங்களைத் தொடங்கிவைத்த தலைவர் டெங் சியாவோபிங் 1992-ல் சோசலிசத்தின் சாரம் உற்பத்தி சக்திகளை வளர்ப்பது, சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் ஒழிப்பது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து வளம் பெறுவது என்றார். அதற்கு முன்பே, 1985-ல், இன்னும் கறாராகப் பேசியிருக்கிறார்: நம் கொள்கைகளால் சமூகம் இரு துருவமாகப் பிரிந்தால் நாம் தோற்றோம் என்று அர்த்தம், புதிய முதலாளி வர்க்கம் ஒன்று உருவானால் தவறான பாதையில் போய்விட்டோம் என்று அர்த்தம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துத்தான் நான் பார்ப்பேன். எதிராளியின் அளவுகோலை வைத்து ஒரு நாட்டைத் தோற்கடிப்பது சுலபம். அந்த நாடு தானே ஒப்புக்கொண்ட அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

சந்தை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், சந்தையில் எது விற்கிறது என்று கேளுங்கள்

சந்தை இருப்பது மட்டுமே எதையும் தீர்மானிப்பதில்லை. உள்நாட்டுப் போரில் நொறுங்கிப்போன ரஷ்யாவில் 1921-ல் லெனினே புதிய பொருளாதாரக் கொள்கை என்று சந்தையைத் திரும்பக் கொண்டுவந்தார், தானியப் பறிமுதலை நிறுத்தி வரி வைத்தார், மிச்சத்தை விவசாயி விற்றுக்கொள்ளலாம் என்றார். யூகோஸ்லாவியா 1950-ல் ஆலை நிர்வாகத்தைத் தொழிலாளர் கவுன்சில்களிடம் கொடுக்கச் சட்டம் போட்டது, அந்த ஆலைகள் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. சீனாவில் 1978-ன் கடைசியில் அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஒரு தாளில் கைரேகை வைத்தார்கள். கம்யூன் என்ற கூட்டுப்பண்ணையின் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்து உழுவோம், அரசுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம், மிச்சம் அவரவருக்கு, இதனால் யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்போம் என்பது ஒப்பந்தம். மாவோவின் மாபெரும் பாய்ச்சல் என்ற அவசரத் தொழில்மயத் திட்டக் காலத்துப் பஞ்சத்தில் ஏராளமானவர்களைப் பறிகொடுத்த கிராமம் அது. அந்த விவசாயிகளைப் பார்த்து முதலாளித்துவப் பாதைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே சந்தையை நான்காகப் பிரித்துப் பாருங்கள்: பொருள், நிலம், பணம், உழைப்பு.

பொருள்களைப் பொறுத்தவரை விஷயம் எளிது. 1990-களின் நடுவுக்குள் பெரும்பாலான விலைகளைச் சந்தையே தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது. நிலம் வேறு மாதிரி. சாசனத்தின் 10-வது பிரிவுப்படி நகர நிலம் அரசுடையது, கிராம நிலம் கூட்டுடைமை, 1988-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்கலாம். வீட்டு மனைக்கு அது 70 ஆண்டு. தனியார் நிலவுடைமை இல்லை என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் அந்த உரிமையை விற்றுத்தான் உள்ளாட்சி அரசுகள் பல ஆண்டுகள் பிழைத்தன, வீட்டு விலை சாதாரண ஆள் எட்ட முடியாத உயரத்துக்குப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பணத்தைப் பார்த்தால் நான்கு பெரிய வங்கிகளும் அரசின் கையில் இருக்கின்றன, யாருக்குக் கடன் போக வேண்டும் என்று அரசு சொன்னால் அது நடக்கும். இங்கே சீனா உண்மையிலேயே மற்ற நாடுகளிலிருந்து விலகி நிற்கிறது.

உழைப்பில்தான் என் கவலை. 1986-லிருந்து அரசு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். பெரியதைப் பிடி, சிறியதை விடு, அதாவது பெரிய அரசு நிறுவனங்களை மட்டும் வைத்துக்கொண்டு சிறியவற்றைக் கைவிடுவது என்ற கொள்கையை 1997-ல் கட்சி மாநாடு உறுதிசெய்தது, அடுத்த சில ஆண்டுகளில் அரசு நிறுவனங்களிலிருந்து இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேலை, வீடு, மருத்துவம், பள்ளி எல்லாம் ஆலையோடு கிடைத்த, இரும்புச் சோற்றுக் கிண்ணம் என்று அவர்கள் சொன்ன ஏற்பாடு அதோடு போய்விட்டது. உழைப்பை விற்றுத்தான் வாழ முடியும், வாங்க ஆள் இல்லாவிட்டால் தெருதான் என்கிற நிலைமையைத்தான் மார்க்ஸ் கூலியுழைப்பு என்றார். அந்தப் பொருளில் சீனத் தொழிலாளி இன்று கூலித் தொழிலாளி, இதில் பெரிய வாதத்துக்கு இடமில்லை.

அரசுடைமை என்றதும் மயங்க வேண்டாம்

சீனாவை ஆதரிக்கும் தோழர்கள் வழக்கமாக இங்கேதான் வந்து நிற்பார்கள். எண்ணெய், மின்சாரம், ரயில், தொலைத்தொடர்பு, வங்கி எல்லாம் அரசிடம் இருக்கிறதே, பொருளாதாரத்தின் கட்டளைச் சிகரங்கள் என்று லெனின் காலத்தில் சொன்னது இவற்றைத்தானே என்பார்கள். உண்மைதான். 2020 நவம்பரில் ஆன்ட் குழுமம் என்ற தனியார் நிதிச் சேவை நிறுவனம் பங்கு வெளியிட இரண்டு நாள் இருக்கும்போது அதை அரசு நிறுத்திவைத்தது, 2021-ல் பள்ளிப் பாடங்களுக்கான தனியார் ட்யூஷன் தொழிலை லாபம் பார்க்கக் கூடாது என்று ஒரே உத்தரவில் முடக்கியது. எந்த முதலாளியும் அங்கே அரசை மிரட்ட முடியாது.

ஆனால் எங்கெல்ஸ் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். சான்சலர் பிஸ்மார்க் ஜெர்மனியில் ரயில்வேயை அரசுடைமை ஆக்கியபோது அதையே சோசலிசம் என்று சிலர் கொண்டாடினார்கள். புகையிலைத் தொழிலை அரசு எடுத்துக்கொள்வது சோசலிசம் என்றால் பேரரசர் நெப்போலியனையும் ஆஸ்திரியாவின் பிற்போக்கு அமைச்சர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் நிறுவனர்களாகச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று எழுதினார் எங்கெல்ஸ். அரசு யாருடையது என்று தெரியாமல் அரசுடைமை எதையும் நிரூபிக்காது. மறுபக்கம், சீன அதிகாரிகளே 56789 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: வரியில் 50 சதவீதத்துக்கு மேல், உள்நாட்டு உற்பத்தியில் 60, புதிய தொழில்நுட்பக் கண்டுபிடிப்பில் 70, நகர வேலைவாய்ப்பில் 80, நிறுவன எண்ணிக்கையில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் துறையுடையது. சிகரம் அரசிடம் இருக்கிறது, மலையின் பெரும்பகுதி இல்லை.

ஒரு வேலைநிறுத்தத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்

அரசு யாருடையது என்று கண்டுபிடிக்க நான் நம்புகிற வழி இதுதான். புள்ளிவிவரத்தை மூடி வைத்துவிட்டு, தொழிலாளி கையை உயர்த்தும்போது யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

2010 மே மாதம், குவாங்டாங் மாகாணம் ஃபோஷான் நகரில் நான்ஹாய் பகுதியில் இருக்கும் ஹோண்டாவின் கியர் பெட்டி ஆலை. இளம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது இரண்டு: கூலியை மாதம் 800 யுவான் உயர்த்து, ஆலைச் சங்கத்துக்குப் புதிதாகத் தேர்தல் நடத்து. அந்த ஆலையிலிருந்து பெட்டி வராததால் சீனாவில் ஹோண்டாவின் கார் பொருத்தும் ஆலைகள் எல்லாம் நின்றன. மே 31 அன்று தொழிலாளர்களை வேலைக்குத் திரும்பச் சொல்லி ஒரு கூட்டம் வந்து கைகலப்பில் இறங்கியது, அது நிறுவனம் அனுப்பிய அடியாள் கூட்டமில்லை, உள்ளூர்த் தொழிற்சங்கத்தின் தொப்பி போட்ட ஆட்கள். பிறகு அந்தச் சங்கம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வெளியிட்டது. தொழிலாளர்கள் சில நூறு யுவான் உயர்வு வாங்கினார்கள், சங்கத் தேர்தலும் ஓரளவு நடந்தது. போராட்டம் நடந்தது, வென்றது, அரசு அதைக் குண்டு போட்டு நசுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் தொழிலாளி வர்க்கம் ஆளும் நாடு என்று சொல்லும் இடத்தில் சங்கமே எதிர்ப்பக்கம் நின்றதை எப்படிக் கடந்து போவது?

சட்டத்தையும் பாருங்கள். 1975, 1978 சாசனங்களில் வேலைநிறுத்த உரிமை இருந்தது, 1982 சாசனத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கட்சியின் கட்டுப்பாட்டில் உள்ள அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கு வெளியே சங்கம் வைக்க முடியாது. 2018-ல் ஷென்ஜென் நகரில் ஜாசிக் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள், அவர்களுக்குத் துணையாகப் பெய்ஜிங் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து மார்க்சியம் படிக்கும் மாணவர்கள் போனார்கள், தொழிலாளர்களும் மாணவர்களும் கைது செய்யப்பட்டார்கள். மார்க்ஸைப் படித்துவிட்டு ஆலை வாசலுக்குப் போனவர்களை மார்க்ஸின் பெயரால் ஆளும் அரசு பிடித்துக்கொண்டு போனது எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

இதே சோதனையை வியட்நாமில் செய்தால் கொஞ்சம் மாறும். 1986-ல் டோய் மோய் என்ற சந்தைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய நாடு, ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் அந்நிய முதலீட்டு நிறுவனங்களுடையது, ஆனால் வேலைநிறுத்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. நடக்கும் வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் அந்தச் சட்ட நடைமுறைக்கு வெளியேதான், அரசு பலமுறை அவற்றைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

உபரி எங்கே போகிறது

இந்த இடத்தில் சீனாவுக்குச் சேர வேண்டியதைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்துவிடுங்கள். உலக வங்கிக் கணக்கில் 40 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள், 2006-ல் விவசாய வரியை அடியோடு ஒழித்தார்கள், 2003-லிருந்து கிராமங்களுக்கு மருத்துவக் காப்பீட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் சும்மா சந்தை செய்ததில்லை, நிலச் சீர்திருத்தமும் எழுத்தறிவும் போட்ட அடித்தளத்தின் மேல் நடந்தது.

அப்புறம் டெங்கின் 1985 அளவுகோலை எடுங்கள். வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி எண் (0 என்றால் முழுச் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவரிடம்) அரசுக் கணக்கிலேயே 0.46-ஐச் சுற்றி நிற்கிறது, மேற்கு ஐரோப்பிய முதலாளித்துவ நாடுகள் பலவற்றைவிட இது மோசம். வாரிசுரிமை வரி கிடையாது. வீட்டுச் சொத்து வரியை 2011-ல் ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் சோதனையாகத் தொடங்கினார்கள், நாடு முழுக்க விரிவாக்கவே இல்லை. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த சுமார் 30 கோடித் தொழிலாளர்கள் ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறையால், தாங்கள் கட்டிய நகரத்திலேயே பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் முழு உரிமையில்லாமல் இருக்கிறார்கள். கிராமத்து முதியவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மாதம் சராசரியாக இருநூறு சொச்சம் யுவான், நகர நிறுவன ஊழியருக்குச் சில ஆயிரம். அரசிடம் பணம் இல்லாததால் இப்படி இல்லை. ரயிலும் பாலமும் கட்டப் பணம் இருக்கிற அரசு இந்த முன்னுரிமை வரிசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

2001-ல் அப்போதைய கட்சித் தலைவர் ஜியாங் ஜெமின் தனியார் தொழிலதிபர்களுக்குக் கட்சிக் கதவைத் திறந்துவிட்டார், 2004-ல் சாசனத்தில் சட்டபூர்வத் தனிச்சொத்து மீற முடியாதது என்று சேர்த்தார்கள். புதிய முதலாளி வர்க்கம் உருவானால் தவறான பாதை என்றார் டெங். உருவானது மட்டுமில்லை, கட்சிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

என் முடிவு இது: சீனாவை வழக்கமான முதலாளித்துவ நாடு என்று சொல்லக் கூடாது, மூலதனம் அங்கே அரசை ஆளவில்லை. சோசலிச நாடு என்றும் சொல்ல முடியாது, தொழிலாளியும் அரசை ஆளவில்லை. கூலியுழைப்பும் லாபமும் இருக்க, கடிவாளம் அரசின் கையில் இருப்பதைக் குறிக்கும் அரசு முதலாளித்துவம் என்ற சொல்தான் எனக்கு ஓரளவு பொருந்துகிறது. லெனினும் 1921-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தயங்கவில்லை.

"இது ஆரம்பக் கட்டம்" என்று சொன்னால்

கடைசியாக இந்த வாதம் வரும், தயாராக இருங்கள். 1987-ல் கட்சியின் 13-வது மாநாடு சீனா சோசலிசத்தின் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது, 1950-களிலிருந்து கணக்கிட்டால் இது குறைந்தது 100 ஆண்டு நீடிக்கும் என்றது. பொறுமையாக இருங்கள், இப்போது உற்பத்தி, அப்புறம் சமத்துவம் என்பதுதான் இதன் பொருள். இதைக் கேலி செய்து ஒதுக்காதீர்கள், ஏழை நாட்டில் பங்கு போட எதுவுமில்லாமல் சமத்துவம் பேச முடியாது என்பது நியாயமான வாதம். பதிலுக்கு இப்படிக் கேளுங்கள்: அந்த நூறு ஆண்டில் முக்கால்வாசி முடிந்துவிட்டதே, இரண்டாம் கட்டத்துக்கான எந்த ஏற்பாடு இதுவரை தொடங்கியிருக்கிறது? வாரிசுரிமை வரி எந்த ஆண்டு வரும், ஹுகோ எந்த ஆண்டு போகும், ஆலைச் சங்கத் தலைவரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க எப்போது விடுவார்கள்? இந்த மூன்றில் ஒன்று நிஜமாகவே நடந்தால்கூட நான் மேலே எழுதிய முடிவைத் திருத்தத் தயார்.