மாஸ்டர் இல்லாமல் கீபோர்டு பழக ஆரம்பிப்பவர்களுக்கு

வகுப்புக்குப் போக நேரம் இல்லை, பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, ஆனால் பியானோ வாசிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து விடவே இல்லை என்றால், இது உங்களுக்குத்தான். நான் 34 வயதில் ஒரு 61 கட்டை கீபோர்டை வாங்கி, வீட்டில் எல்லோரும் தூங்கப் போன பிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். தனியாகப் பழகுவதில் பெரிய சிக்கல் ஒன்றே ஒன்று. தப்பாக வாசித்தால் நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது, தப்பு அப்படியே கையில் படிந்துவிடும். அதனால் அந்த வாத்தியார் வேலையை உங்கள் காதிடம் கொடுக்க வேண்டும். நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் வாத்தியம். 1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி பியானோவைச் செய்தார். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டு தந்தியைச் சுண்டும், எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் வரும். அவர் சின்னச் சுத்தியல் வந்து தந்தியைத் தட்டும்படி மாற்றினார், மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, வேகமாகத் தொட்டால் பெரிய ஒலி. இத்தாலிய மொழியில் பியானோ என்றால் மெல்ல, ஃபோர்ட்டே என்றால் பலமாக. பியானோஃபோர்ட்டே என்ற முழுப்பெயர் அப்படி வந்ததுதான். ஆகவே கடையில் நூற்றுக்கணக்கான டோன் இருக்கிறது, ரிதம் இருக்கிறது என்று காட்டும்போது அதையெல்லாம் விட்டுவிட்டு, டச் ரெஸ்பான்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, ஒரே கட்டையை மெல்லவும் பலமாகவும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சத்தமாக வந்தால் அது வேண்டாம், அதில் பழகினால் விரலுக்கு மெல்லினம் வல்லினம் தெரியாமலே போய்விடும்.

முழுப் பியானோவில் 88 கட்டை, 52 வெள்ளை, 36 கருப்பு. ஆரம்பத்துக்கு 61 கட்டையே போதும், முதல் ஒரு வருஷத்துக்குத் தாராளம். பணம் இருந்தால் 88 கட்டை வெயிட்டட் (நிஜப் பியானோ போலக் கட்டை கனமாக இருக்கும்) டிஜிட்டல் பியானோ நல்லது, விரலுக்குப் பலம் வரும். பழைய மரப் பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மரம் உப்பி இறங்கும், சுருதி கலையும், ட்யூன் செய்ய ஆள் தேட வேண்டும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், கீபோர்டைக் கட்டில் மேலோ மடியிலோ வைத்து வாசிக்காதீர்கள். முழங்கையும் கட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிற மாதிரி ஸ்டாண்டையோ நாற்காலியையோ சரி செய்யுங்கள். மணிக்கட்டு மடங்கித் தொங்கினால் பதினைந்து நிமிஷத்தில் வலிக்கும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. கருப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று மாறி மாறிக் கூட்டமாக இருப்பதைப் பாருங்கள். இரண்டு கருப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை எங்கே இருந்தாலும் அது சி. அங்கிருந்து சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. 61 கட்டையில் இடமிருந்து மூன்றாவது சி தான் மிடில் சி. நம் ஊர்க் கச்சேரிகளில் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி சொல்வார்களே, அதுவும் இதே கணக்குதான். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை என்றால் சி ஷார்ப் (சி க்கு வலப்பக்கம் ஒட்டிய கருப்புக் கட்டை), இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி.

முதல் நாள் ஸ்கேலை, அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பதை, தொடாதீர்கள். கருப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். மூன்று கருப்பில் முதலாவது எஃப் ஷார்ப். இடது கையால் அதைக் கீழ் ஸ்தாயியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கருப்புக் கட்டைகளிலேயே மேலும் கீழும் நடந்து பாருங்கள். மோகன ராகம் கேட்கும். அதே ஐந்து கட்டைகள்தான், ஆனால் மூன்று கருப்பில் நடுவில் உள்ளதை ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ வாக, வைத்தால் மத்யமாவதி, கடைசியில் உள்ளதை வைத்தால் ஹிந்தோளம், இரண்டு கருப்பில் முதலாவதை வைத்தால் சுத்த சாவேரி, இரண்டாவதை வைத்தால் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று சங்கீதக்காரர்கள் சொல்வது இதைத்தான். எனக்கு இது தெரிந்த அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்கவே மனம் வரவில்லை. ஹிந்தோளத்துக்கு மாறும்போது கட்டை எதுவும் மாறவில்லை, இடது கைச் சுருதி மட்டும்தான் மாறியது, அதற்குள் அறையின் நிறமே வேறாகிவிட்ட மாதிரி இருந்தது. இதில் தப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதால் கை பயமில்லாமல் நடமாடப் பழகும், காதும் விழித்துக்கொள்ளும். பியானோவில் கமகம் வராது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. அதனால் ராகத்தின் முழு உருவத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள், எலும்புக்கூடு கிடைக்கும்.

இனி விரல். கட்டை விரல் 1, சுண்டு விரல் 5, இரண்டு கைக்கும் அப்படியே. உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பது போல விரல்கள் வளைந்து இருக்கட்டும். நுனி மட்டும் கட்டையைத் தொட வேண்டும். கட்டை விரல் பக்கவாட்டில் தொடும்.

வெள்ளைக் கட்டைகளில் சி முதல் சி வரை வாசித்தால் சங்கராபரணம். சரளி வரிசை தெரிந்தவர்களுக்கு இது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும், ஸ ரி க ம ப த நி ஸ என்று வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசிக்கலாம். வலது கைக்கு விரல் 1 2 3 1 2 3 4 5. அதாவது ஸ ரி க மூன்றையும் 1 2 3, பிறகு கட்டை விரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து ம வில் விழ வேண்டும். நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. கட்டை விரல் ம வுக்குக் கிளம்புவது க வாசித்த பிறகு இல்லை. இரண்டாம் விரல் ரி யைத் தொடும்போதே அது உள்ளே நகர ஆரம்பிக்க வேண்டும், மூன்றாம் விரல் க வில் இறங்கும்போது அது ம வுக்கு மேல் வந்து காத்திருக்க வேண்டும். முழங்கை வெளியே தூக்கினால் தாமதமாகப் போகிறது என்று அர்த்தம். இறங்கும்போது 5 4 3 2 1 வந்து ம வில் கட்டை விரல் நின்றதும், மூன்றாம் விரல் அதன் மேலாகத் தாண்டி க வில் விழும். இடது கைக்கு ஏறும்போது 5 4 3 2 1 3 2 1, அங்கே ப வில் கட்டை விரல், தாண்டுவது த வில்.

நான் இரண்டு மாதம் 1 2 3 4 என்று போய் ப வில் கட்டை விரலைப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் சரியாக வந்தது, அதனால் காது கண்டுபிடிக்கவில்லை. வேகம் கூட்டியபோதுதான் ம வுக்கும் ப வுக்கும் நடுவில் ஒரு சின்ன விக்கல் கேட்டது. அதை மறக்கடிக்கப் பழகியதை விட அதிக நாள் ஆனது. ஆகவே விரல் எண்ணை முதல் வாரத்திலேயே சரி செய்துகொள்ளுங்கள், புத்தகத்தில் ஸ்வரத்துக்கு மேல் எண் போட்டிருந்தால் அதை மீறாதீர்கள்.

பயிற்சி செய்யும் முறைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதை விட தினமும் இருபது நிமிஷம் பல மடங்கு நல்லது. கீபோர்டில் உள்ள மெட்ரோனோமை, அதாவது தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டுவதை, நிமிஷத்துக்கு 60 தட்டில் வையுங்கள். அதிலும் தப்பு வந்தால் 50, இல்லாவிட்டால் 40. தப்பே வராத வேகம் எதுவோ அதுதான் இன்றைக்கு உங்கள் வேகம், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தொடர்ந்து மூன்று தடவை சுத்தமாக வந்தால் 4 கூட்டுங்கள். ஒரு பாட்டில் ஓர் இடம் மட்டும் தடுக்கினால், ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்ப வாசித்து அந்த இடத்தில் விழுந்து எழுந்து போவதில் பிரயோஜனம் இல்லை. அந்த நான்கு ஸ்வரத்தை மட்டும் தனியாக எடுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்து வாசியுங்கள். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு அடியையும் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, பாட முடியாத இடம் எதுவோ அங்கேதான் விரலும் தடுமாறும். வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதுக்குத் தெரியாத அவசரம் எல்லாம் அதில் பளிச்சென்று கேட்கும்.

முதல் பாட்டுக்கு நான் சொல்வது பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில், 1824 இல் வியன்னாவில் முதலில் அரங்கேறியதில், கடைசிப் பகுதியில் வரும் ஆனந்த கீத மெட்டு. முதல் இரண்டு அடிக்கும் கையை நகர்த்தவே வேண்டாம், ஐந்து விரல் ஐந்து கட்டை. வலது கட்டை விரலை மிடில் சி யில் வைத்து க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. விரல் எண்ணாகச் சொன்னால் 3 3 4 5, 5 4 3 2, 1 1 2 3, 3 2 2. இரண்டாவது அடியும் அப்படியே, முடிவு மட்டும் 2 1 1. ஆதி தாளம் போடத் தெரிந்தால் எட்டு எண்ணிக்கையில் பாதி அடி சரியாக உட்காரும்.

இரண்டு கையைச் சேர்ப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கீபோர்டை மூடி வைக்கிறார்கள். அதனால் இங்கே நிதானமாகப் போங்கள். இடது கைக்கு முதலில் மூன்று கார்டு (ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டம்) போதும். சி கார்டு என்பது சி, இ, ஜி, விரல் 5 3 1. எஃப் கார்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், சுண்டு விரலை சி யிலேயே விட்டு, சி, எஃப், ஏ என்று 5 2 1 இல் பிடியுங்கள். ஜி செவன் கார்டுக்கு பி, எஃப், ஜி, அதுவும் 5 2 1. சுண்டு விரல் ஒரு கட்டை இடப்பக்கம் தள்ளி பி க்குப் போகிறது, கட்டை விரல் ஜி யிலேயே நிற்கிறது. சி யிலிருந்து ஜி செவனுக்குப் போய் வரும்போது ஜி அசையவே இல்லை பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள், ஒரு வாரத்தில் கை தானாகப் போகும்.

பிறகு மேலே சொன்ன மெட்டின் முதல் அடியில், முதல் நான்கு எண்ணிக்கைக்கு சி, அடுத்த நான்குக்கு ஜி செவன், மறுபடி சி, கடைசி நான்குக்கு ஜி செவன். இடது கை கார்டை ஒரு முறை அழுத்திப் பிடித்தபடியே இருக்கட்டும், வலது கை அதன் மேல் நடக்கட்டும். அப்போதும் வரவில்லை என்றால் கீபோர்டை அணைத்துவிட்டு, தொடையின் மேல் இரண்டு கையாலும் தட்டிப் பாருங்கள், வலது நான்கு தட்டு, இடது ஒன்று. தொடையில் வருவது கட்டையிலும் வரும். வேகம் எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் மூச்சு விடும் அளவுக்குக் கூடக் குறையட்டும், ஆனால் இரண்டு கையும் ஒரே நொடியில் இறங்க வேண்டும்.

நொட்டேஷன், அதாவது கோடுகளில் எழுதிய இசைக் குறிப்பு, படிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கலர் பட்டைகள் மேலிருந்து விழும் வீடியோக்களைப் பார்த்துச் சீக்கிரம் ஒரு பாட்டு வாசித்துவிடலாம், ஆனால் வீடியோ இல்லாத பாட்டுக்கு வழி இருக்காது. மூன்று அடையாளம் போதும். மிடில் சி இரண்டு கோட்டுக் கூட்டத்துக்கும் நடுவில், குட்டிக் கோட்டின் மேல் உட்காரும். மேல் கூட்டத்தின் தொடக்கக் குறியான டிரெபிள் கிளெஃபின் சுருள் சுற்றிக்கொள்ளும் கோடு ஜி. கீழ்க் கூட்டத்தின் தொடக்கக் குறியான பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிக்கு நடுவில் போகும் கோடு எஃப். மற்றதை இங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்: கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒன்றைத் தாண்டி. தினமும் ஐந்து நிமிஷம், புதிய நான்கு வரி.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கும், எல்லாப் பாட்டையும் சி யிலேயே வாசித்துவிட்டுச் சுருதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள். சங்கராபரணத்தை ஜி யிலிருந்து வாசித்துப் பாருங்கள், வெள்ளைக் கட்டைகளிலேயே போனால் நிஷாதம் (நி) இறங்கி ஹரிகாம்போஜி ராகம் ஆகிவிடும். சரியாக வர எஃப் க்குப் பதில் எஃப் ஷார்ப் வேண்டும் என்று காது கேட்கும். ஜி ஸ்கேலில் ஏன் ஒரு ஷார்ப் என்பதைப் புத்தகத்தில் படித்ததை விட எனக்கு இப்படித்தான் புரிந்தது.

கையை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மூன்றாவது மாதம் வாங்கினால் போதும். கார்டோடு சேர்த்து அழுத்தினால் பழைய ஒலியும் புதியதும் கலந்து குழம்பும். புதிய கார்டு இறங்கும் அதே நேரத்தில் காலைத் தூக்கி, ஒலி வந்தபிறகு அழுத்த வேண்டும்.

மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டியதும் ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு மாஸ்டரிடம் ஒரே ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிப் போங்கள். சி ஸ்கேலையும் இரண்டு கை சேர்ந்த ஒரு பாட்டையும் வாசித்துக் காட்டி, பாட்டை விட்டுவிட்டு என் மணிக்கட்டையும் கட்டை விரலையும் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் சார் என்று கேளுங்கள்.