நீலகிரிக்குக் குடிவருபவர்களுக்கு: ஈறு நோயும் ஆழ்நிலைச் சுத்தமும்

வெளிநாட்டிலிருந்து நீலகிரிக்குக் குடிவருபவர்கள் கையோடு எடுத்துவர வேண்டிய காகிதங்களில், கடவுச்சீட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் அடுத்தபடியாக, பல் மருத்துவர் எழுதிய ஈறு அளவுத்தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லும்போது பலர் சிரித்துவிடுகிறார்கள். இலங்கையின் ஹட்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும், பணி ஓய்வுக்குப் பிறகு லண்டன், டொரன்டோ பக்கங்களிலிருந்தும் வந்து கோத்தகிரியிலும் குன்னூரிலும் வீடு பிடித்த குடும்பங்கள் பலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்த பழக்கத்தில்தான் இதைச் சொல்கிறேன். ஊர் மாறும்போது பழைய மருத்துவரிடம் போவது நின்றுவிடுகிறது. புதியவர் ஒருவரைத் தேட வேண்டும் என்ற எண்ணம் வருவதற்குள் ஓரிரு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது என்பதால் அதுவரை யாரும் அவசரப்படுவதும் இல்லை.

அந்த அளவுத்தாள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழத்தை அளந்து மருத்துவர் குறித்துக்கொள்வார். 28 பற்கள் உள்ள வாய்க்கு 168 எண்கள் வரும். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் அது ஆரோக்கியமான ஈறு; 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால் பல்லைப் பிடித்திருந்த ஈறு விலகிப் பை போலாகிவிட்டது என்று பொருள், 6 மி.மீ. என்பது கவலைக்குரிய ஆழம். அளக்கும்போது ரத்தம் கசிந்த இடங்களையும் ஒரு புள்ளியிட்டுக் காட்டியிருப்பார்கள். எண்களுக்கு மொழி இல்லையாதலால், எந்த நாட்டில் எழுதிய தாளானாலும் இங்குள்ள மருத்துவர் அதைப் படித்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் 4 ஆக இருந்த இடம் இப்போது 6 ஆகியிருக்கிறதா என்று கண்டுகொள்ள முடியும். தாள் இல்லாவிட்டால் அவர் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். நோய் மெல்ல நகர்கிறதா, வேகமாக ஓடுகிறதா என்பது அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரே படங்கள் இருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் முரசு என்று சொல்வதை இங்கே ஈறு என்பார்கள். முரசு வீங்கியிருக்கிறது என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் ஒரு கணம் விழிப்பார்.

நோய் வரும் வழியைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் சிகிச்சை ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்பது விளங்கும். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின்மேல் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் படிகிறது. அதை அன்றாடம் துடைத்தெடுக்காவிட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாட்களிலேயே அதைக் காரையாக இறுகச் செய்கின்றன. ஈறின் விளிம்பில் வீக்கமும் துலக்கும்போது ரத்தமும் தெரிகிற முதல் கட்டத்தில், நன்றாகத் துலக்கி, மேலே படிந்த காரையை எடுக்கும் சாதாரண ஸ்கேலிங் ஒன்றையும் செய்துகொண்டால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கவனிக்காமல் விட்டால் படலம் ஈறுக்குக் கீழே இறங்கி, வேரின்மேல் கரும்பழுப்பு நிறக் காரையாகப் படிகிறது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்திலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்குகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டு வளர்வதில்லை. ஆகவே இரண்டாம் கட்டத்தில் நாம் செய்யக்கூடியது, மேலும் கரையாமல் நிறுத்துவதுதான். பல் தூரிகையின் நுனி ஈறுக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது என்பதால், அந்த ஆழத்தைச் சுத்தம் செய்ய மருத்துவரின் கருவி தேவைப்படுகிறது.

டீப் கிளீனிங் என்று மேல்நாடுகளில் சொல்லப்படுவதும், இங்குள்ள மருத்துவர்கள் ஸ்கேலிங் அண்டு ரூட் பிளானிங் என்று குறிப்பிடுவதும் இதைத்தான். இந்தப் பெயர்க்குழப்பத்தால் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். சமவெளியில் ஓர் ஊரில், பெயர்ப்பலகையில் டீப் கிளீனிங் என்று எழுதியிருந்த ஒரு சிகிச்சையகத்தில், ஆழம் எதையும் அளக்காமல், ஊசியும் போடாமல், இருபத்தைந்தே நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்த காரையை எடுத்து, பல்லை மெருகேற்றி என்னை அனுப்பிவிட்டார்கள். பற்கள் பளிச்சென்று இருந்தன. பைகள் இருந்தபடியே இருந்தன. பிரிட்டனிலும் கனடாவிலும் இருந்தவர்கள், இதைத் தனியே பயின்ற ஹைஜீனிஸ்ட் ஒருவர் செய்வதைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் பி.டி.எஸ். படித்த மருத்துவரே செய்வார். நோய் முற்றியிருந்தால் ஈறு நோயியலில் எம்.டி.எஸ். முடித்த நிபுணரைத் தேடுவது நல்லது. எவராக இருந்தாலும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சிகிச்சையைப் பெரும்பாலும் வாயை நான்கு கால்பாகங்களாகப் பிரித்து, இரண்டு முதல் நான்கு அமர்வுகளில் செய்வார்கள். அந்தப் பகுதியை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தபின், நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் நுனியும் தண்ணீர்த் தாரையும் கொண்ட கருவியால் காரையைத் தகர்த்து, பிறகு வளைந்த கைக்கருவிகளால் வேரின் பரப்பை வழவழப்பாக்குவார்கள். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் உணர்வின்றி இருக்கும். குன்னூர்க் குளிரில் கடைத்தெருவுக்கு வந்தவுடன் யாருக்கும் சூடான தேநீர் குடிக்கத்தான் தோன்றும். அப்படிக் குடித்து உதட்டைப் பொசுக்கிக்கொண்டு, அது தெரியாமலேயே வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. உணர்வு திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்த சில வாரங்களில் இரண்டு மாற்றங்கள் தெரியும். இரண்டுமே பலரைப் பயமுறுத்திப் பாதியில் நிறுத்த வைப்பவை. முதலாவது பல் கூச்சம். டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி விழும் இந்த மலையில், குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் காரை நீங்கிய வேர் சுரீரென்று கூசும். வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்துங்கள். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சத்தைத் தணிக்கும். இரண்டாவது, வீக்கம் வடிந்த ஈறு சுருங்குவதால் பற்களுக்கிடையே தோன்றும் இடைவெளி. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் இலங்கையின் மலையகத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த என் தாயார், இரண்டு கால்பாகங்கள் முடிந்த நிலையில் இந்த இடைவெளியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இருந்த பல்லையும் ஆட்டிவிட்டார்கள்" என்று சொல்லி மறுபடி போக மறுத்துவிட்டார். சுத்தம் செய்வதால் பல் ஆடுவதில்லை. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பற்களைக் காரை ஒட்டுப்போட்டதுபோல் பிடித்துவைத்திருக்கும். வீங்கிய ஈறு இடைவெளியை மறைத்திருக்கும். இரண்டும் நீங்கும்போது உண்மை நிலை வெளியே தெரிகிறது. அவர் கைவிட்ட பகுதியில்தான், கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் பின்னாளில் போயின.

குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கழுவி நீரை மருத்துவர் எழுதித்தந்தால், அவர் சொன்ன நாட்களுக்கு மேல், வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு மேல், தொடராதீர்கள். அது பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்கும்; தேநீர் குடிப்பவர்களுக்கு அந்தக் கறை இன்னும் அடர்ந்து படியும். ஒரு நாளைக்கு நான்கைந்து குவளை தேநீர் குடிப்பது சாதாரணமான இந்த மலையில், இந்தக் கறையைக் காரை என்று எண்ணி மறுபடியும் மருத்துவரிடம் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். பற்பசையின் நுரைப்பொருள் அந்த மருந்தின் வேலையைக் குறைப்பதால், துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும். கரித்தூள், செங்கல் பொடி, உப்பு ஆகியவற்றால் தேய்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். வெளியே தெரியும் வேர், பல்லின் மேற்பகுதியை மூடியிருக்கும் எனாமலைவிட மென்மையானது, எளிதில் தேய்ந்துவிடும்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவற்றில் சர்க்கரை நோய் முதலிடம் பெறுகிறது. கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை முற்றச் செய்கிறது. ஈறின் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஆழ்நிலைச் சுத்தத்துக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அளவு சற்றுக் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் சிகிச்சைக்கென்று தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிட்டாயின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும் என்பதால், மருந்துச்சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டு மாத்திரையின் வணிகப் பெயர் இங்கே தெரியாமல் போகலாம், ஆகவே மருந்தின் பொதுப்பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும்; நிகோடின் நாளங்களைச் சுருக்கி நோயை மறைத்துவிடுகிறது, சிகிச்சைக்குப் பின் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது; அதற்குக் களைப்பைக் காரணம் சொல்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை, ஆனால் மருத்துவரிடம் மட்டும் மறைக்க வேண்டாம் என்கிறேன்.

இனி, எங்கே போவது என்ற கேள்வி. ஆழ்நிலைச் சுத்தம் ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை அன்று; இரண்டு மூன்று மாதங்களில் ஆழத்தை மறுபடி அளக்க வேண்டும், 6 மி.மீ. அளவில் பைகள் எஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்க வேண்டும், அதன்பின் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். புகழ்பெற்ற மருத்துவமனை என்பதைவிட, மழையிலும் உங்களால் போய்வரக்கூடிய இடம் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில் மண் சரிவது வழக்கம். 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. எனவே கோவையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில், முதுநிலை மாணவர்கள் கையால், ஆசிரியர் மேற்பார்வையில் செய்துகொள்ள நினைப்பவர்கள் முதல் அமர்வுகளை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே ஒவ்வொரு அமர்வும் நீளும். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிடக் கேரளத்தின் சுல்தான் பத்தேரி பக்கம். ஆனால் தென்மேற்குப் பருவமழை அவர்கள் பக்கத்தில்தான் கொட்டும். வெளியூர்ப் பதிவெண் கொண்ட காரில் கீழே போய்வருபவர்கள், 2024 மே மாதம் முதல் மலையேறும் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கப்படுவதை நினைவில் கொள்ள வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை.

செலவைப் பொறுத்தவரை, கட்டணம் ஒரு கால்பாகத்துக்கா, முழு வாய்க்கா, மறு அளவீடும் அதில் அடங்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தங்காமல் செய்துகொள்ளும் பல் சிகிச்சையைப் பெரும்பாலான தனியார் காப்பீடுகள் ஏற்பதில்லை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் செலவு மிகக் குறைவு. ஆனால் வேர்வரையிலான சுத்தம் அங்கே செய்யப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் போவது அலைச்சலைக் குறைக்கும்.

தொலைபேசியில் நேரம் கேட்கும்போது, டீப் கிளீனிங் உண்டா என்று கேட்காமல், "ஈறின் ஆழத்தை ஆறு இடங்களில் அளந்து எழுதித் தருவீர்களா, தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு ரூட் பிளானிங் செய்வீர்களா, எத்தனை முறை வர வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரே முறை, அரை மணி நேரம் போதும் என்று பதில் வந்தால், அவர்கள் செய்வது சாதாரண ஸ்கேலிங். வேறு இடத்துக்கு அழைத்துப் பாருங்கள்.