சுவர் கட்டியும் வீட்டுக்குள் தண்ணீர் வருவது ஏன்?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஆறும் இல்லை. ஆனாலும் 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் ரோடு பக்கமெல்லாம் டிராக்டரிலும் படகிலும்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு ஏரி நிரம்பினால் மிச்சம் ராஜகால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். ஊரின் வடிகாலே அதுதான். அந்தக் கால்வாய் ஓரம் வீடு கட்டிய நம் ஆட்கள், ஈஜிபுரா ஆனாலும் ஹொரமாவு ஆனாலும், மழை வந்தால் முதலில் யோசிப்பது சுவரை இன்னும் நாலடி ஏற்றுவதைப் பற்றித்தான்.

காம்பவுண்டு சுவரை வெள்ளத்தடுப்புச் சுவராக நம்புவது பெரிய தவறு. ஒரு பக்கம் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 2 மீட்டர் நின்றால் நான்கு மடங்கு, அதாவது 2,000 கிலோ. ஹாலோ பிளாக் சுவர் இதைத் தாங்காது. மேலே நாலு வரிசை கல் வைத்தால், இடியும்போது தண்ணீரோடு கல்லும் சேர்ந்து வரும். கம்பி கட்டிய கான்கிரீட்டும் அஸ்திவாரமும் எவ்வளவு வேண்டும் என்பதைக் கட்டுமான இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். மேஸ்திரியின் அனுபவம் இங்கே போதாது.

சரி, நல்ல சுவரே கட்டிவிட்டீர்கள். அப்போதும் தண்ணீர் வரும், அதுவும் பாத்ரூம் வழியாக! கால்வாயில் மட்டம் உயர்ந்ததும் உங்கள் வடிகால் குழாயில் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும். சேம்பர் மூடியைத் தூக்கிக்கொண்டு சாக்கடை மேலே வரும். இதற்கு வெளியே போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் வால்வு வேண்டும். அதில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினாலும் மூடாது என்பதால் மழைக்கு முன் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கழிவுநீரும் வெளியே போகாது. வாஷிங் மெஷினைப் போட்டுவிடாதீர்கள். மதிலுக்குள் பெய்யும் மழைக்கும் வழி வேண்டுமே? தாழ்வான மூலையில் ஒரு குழி எடுத்து, பம்பு வைத்துச் சுவருக்கு மேலாக வெளியேற்ற வேண்டும். கரண்ட் போகும் நேரத்தில்தான் அது தேவைப்படும். ஆகவே ஜெனரேட்டரும் மின்பலகையும் பேஸ்மென்ட்டில் இருக்கக் கூடாது.

காவிரித் தண்ணீர் பிடிக்கும் தரையடித் தொட்டியான சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால் குடிநீரும் போச்சு. விளிம்பைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள், செலவு அதிகமில்லை. என்னைக் கேட்டால் வால்வு, சம்ப் விளிம்பு, கேட் இடைவெளியை அடைக்கும் பலகை, இவை முதலில். சுவரை அப்புறம் பார்க்கலாம். சுற்றிலும் உயர்த்திவிட்டுக் கேட்டின் அடியில் அரை அடி சந்து விட்ட வீடுகள் எத்தனையோ!

கால்வாயின் தடுப்புச் சுவரில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். நாற்றம் வருகிறது, எலி வருகிறது என்று சிலர் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மண்ணில் ஊறிய நீர் வெளியேறத்தான் அந்த ஓட்டைகள். அவற்றை அடைத்துவிட்டால், கால்வாய் வடிந்தபின் மண்பக்க நீர் சுவரைக் கால்வாய்க்குள்ளேயே தள்ளிவிடும்.

சங்கமாகச் சேர்ந்து மனு கொடுப்பவர்கள் சுவரின் உயரத்தை மட்டும் கேட்கக் கூடாது. கால்வாயில் கீழே இருக்கும் பாலத்தின் கண், அதாவது தண்ணீர் போகும் திறப்பு, குறுகலாக இருந்தால், எவ்வளவு உயரச் சுவரானாலும் தண்ணீர் பின்னால் தேங்கும். ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்குவதற்கு ரயில் பாதைக்கு அடியில் உள்ள குறுகிய வழியும் ஒரு காரணம். ஒரு கரையை மட்டும் உயர்த்தினால் எதிர்க்கரைக்காரர் வீட்டுக்குள் போகும். ஈஜிபுரா பக்கத்துக் கால்வாய்க்குக் கீழே பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி, தென்பெண்ணை ஆறு, ஓசூர் கெலவரப்பள்ளி அணை என்று நம் சாக்கடை தமிழ்நாடு வரை போவது தனிக் கதை.

இன்னொன்று, சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால், சில வருடங்களில் உங்கள் வாசல் சாலைக்குக் கீழே போய்விடும். ரோலர் வரும் அன்று வாசலில் நின்று கேளுங்கள். போட்டு முடித்தபின் சொன்னால் யாரும் பெயர்க்க மாட்டார்கள்.