கணினியில் வானொலி: ஓடை முகவரியைக் கண்டறிந்து நேரடியாகக் கேட்கும் முறை

கணினியில் வானொலி கேட்க விரும்புவோர் பெரும்பாலும் நிலையத்தின் இணையதளத்தை உலாவியில் திறந்து, அங்குள்ள பொத்தானை அழுத்திக் கேட்கின்றனர். எப்போதாவது கேட்பவருக்கு அது போதும். நாள்தோறும் மணிக்கணக்கில் கேட்பவருக்கோ அந்தப் பக்கத்தின் விளம்பரங்களும் படங்களும் வீண் சுமை. தவறுதலாகத் தாவலை மூடிவிட்டால் ஒலியும் நின்றுபோகும். நிலையத்திலிருந்து நமக்கு உண்மையில் தேவைப்படுவது ஒலி ஓடையின் (இணையத்தில் தொடர்ந்து வரும் ஒலி, ஸ்ட்ரீம்) முகவரி மட்டுமே. அது கிடைத்துவிட்டால் விஎல்சி போன்ற, பாட்டும் படமும் ஓட்டும் இலவசச் செயலியிலேயே கேட்கலாம்.

சில நிலையங்கள் தம் ஓடை முகவரியை வெளிப்படையாகவே தருகின்றன. ரேடியோ பிரவுசர் என்னும் திறந்த தரவுத்தளத்திலும் ஏராளமான முகவரிகள் உள்ளன. எம்3யு அல்லது பிஎல்எஸ் என்று முடியும் சிறு கோப்பு கிடைத்தால் அதைக் குறிப்பேட்டுச் செயலியில் திறந்து பாருங்கள். அது வெறும் உரைக் கோப்புதான், முகவரி அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். எங்கும் கிடைக்காதபோது, உலாவியில் நிலையத்தின் பக்கத்தில் எஃப்12 விசையை அழுத்தி, திறக்கும் உருவாக்குநர் கருவிகளில் நெட்வொர்க் என்னும் பகுதியைத் திறந்து, மீடியா என்ற வடிகட்டியைத் தேர்ந்தபின் பாட்டை ஓடவிட்டால், பெரும்பாலும் அந்தப் பட்டியலில் முகவரி வந்து நிற்கும். எம்3யு8 என்று முடியும் ஓடைகள் அங்கே தென்படாமல் போகலாம் என்பதால், வடிகட்டியை நீக்கிவிட்டு அந்தப் பெயரையே தேடிப் பார்ப்பது நல்லது. நீளமான எண்களும் எழுத்துகளும் வாலாகத் தொங்கும் முகவரியாக இருந்தால் சற்று எச்சரிக்கை தேவை. அது சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக முகவரியாக இருக்கக்கூடும்.

விஎல்சியில் கண்ட்ரோல் விசையுடன் என் விசையை அழுத்தினால் திறக்கும் பெட்டியில் அந்த முகவரியை ஒட்டி இயக்குங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால், அதே பெட்டியில் கூடுதல் விருப்பங்களைத் திறந்து, கேச்சிங் அளவை, அதாவது ஒலியை முன்கூட்டியே சேமித்து வைக்கும் நேரத்தை, இயல்பான 1000 மில்லிவினாடியிலிருந்து 5000 வரை உயர்த்தலாம். பிடித்த நிலையங்களை ஒரே பட்டியலில் சேர்த்துக் கோப்பாகச் சேமித்துக்கொண்டால், மறுநாள் அதை இருமுறை சொடுக்குவதே போதும்.

தரவுச் செலவைக் கணக்கிடுவது எளிது. வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் ஓடை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 58 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். 64 கிலோபிட் என்றால் அதில் பாதி. பேச்சு நிகழ்ச்சிகளுக்கு ஏஏசி என்னும் ஒலிச் சுருக்க முறையில் வரும் 64 கிலோபிட் ஓடையே தாராளம் என்பது என் கருத்து. இணைய ஓடை நேரலையை விடச் சில வினாடிகளாவது பிந்தியே வருவதால், அதில் ஒலிக்கும் நேர அறிவிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்த வேண்டாம்.

இணையமே இல்லாமல், காற்றில் வரும் பண்பலையைக் கணினியில் பிடிக்கவும் வழியுண்டு. ஆர்டிஎல்2832யு சில்லு கொண்ட யுஎஸ்பி தொலைக்காட்சி ஏற்பியை பலவகை வானொலி அலைகளைக் கேட்கும் மென்பொருள் வானொலியாக (அலையைப் பிரித்தறியும் வேலையை மென்பொருளே செய்யும் வானொலி) மாற்றலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. விண்டோஸில் ஜாடிக் என்ற செயலியால் அந்த ஏற்பியின் டிரைவரை (கருவியைக் கணினியுடன் இணைக்கும் மென்பொருள்) மாற்ற வேண்டும். அப்போது பட்டியலில் சரியான கருவியைத்தான் தேர்ந்திருக்கிறோமா என்று இருமுறை பாருங்கள். கைதவறி விசைப்பலகையைத் தேர்ந்துவிட்டால் அது இயங்காமல் போகும். பின்னர் எஸ்டிஆர்ஷார்ப் மென்பொருளில் டபிள்யூஎஃப்எம் என்னும் பண்பலை ஒலிபரப்புக்கான முறையைத் தேர்ந்து, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தேடலாம். ஏறத்தாழ 75 செண்டிமீட்டர் நீளக் கம்பியே ஆண்டெனாவாகப் போதும். இரைச்சல் மிகுந்தால் பெரும்பாலும் கணினியே அதற்குக் காரணம். யுஎஸ்பி நீட்டிப்பு வடத்தால் ஏற்பியைச் சற்றுத் தள்ளி ஜன்னலோரம் வையுங்கள்.