பேப்பர்ல ஸ்னோஃப்ளேக் வெட்டினா ஆறு கை வரணும், எட்டு இல்ல

குளிர்காலம் வந்தாலே எனக்கு கை சும்மா இருக்காது. சாயங்காலமே இருட்டிருது, வெளிய போக மனசே வராது, மேஜை மேல ஒரு விளக்கு, கத்தரிக்கோல், கொஞ்சம் பேப்பர், பசை இருந்தா போதும், மணி போறதே தெரியாம உக்காந்திருப்பேன். இத்தன வருஷம் பண்ணிப் பாத்ததுல எனக்கு நல்லா வந்த நாலஞ்சு விஷயத்த மட்டும் இங்க சொல்றேன், அதுலயும் பேப்பர் ஸ்னோஃப்ளேக், அதாவது பனித்துகள் மாதிரி பேப்பர்ல வெட்டுற பூ, அது பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்வேன், ஏன்னா எல்லாரும் பண்றது அதுதான், நிறைய பேர் தப்பா மடிக்கிறதும் அதுலதான்.

வழக்கமா என்ன பண்ணுவோம், பேப்பர நாலா மடிச்சு, மறுபடி குறுக்க ரெண்டு மடி மடிச்சு வெட்டுவோம். விரிச்சா எட்டு கை இருக்கும். பாக்க அழகாதான் இருக்கும், ஆனா நிஜப் பனிக்கு எட்டு கை கிடையாது. ஐஸுக்குள்ள தண்ணி மூலக்கூறு எல்லாம் அறுகோணமா அடுக்கிக்குது, அந்த அடுக்குதான் வளந்து வளந்து கடைசில ஆறு கையா நம்ம கண்ணுக்குத் தெரியுது. பனி ஏன் எப்பவும் ஆறு மூலையாவே விழுதுன்னு 1611லயே வானியல் அறிஞர் கெப்ளர் உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கார், அப்ப மூலக்கூறு பத்தியெல்லாம் யாருக்கும் தெரியாது. அதனால ஆறு வர்ற மாதிரி மடிக்கக் கத்துக்கிட்டா நீங்க வெட்டுறது நிஜமாவே பனி மாதிரி இருக்கும், ஒரு தடவ அப்படி வெட்டிட்டா எட்டு பக்கம் திரும்பிப் போக மாட்டீங்க.

மடிக்கிறது இப்படி. 20 சென்டிமீட்டர் சதுரமா ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, மூலைக்கு மூலை மடிச்சா பெரிய முக்கோணம் வரும். நீளமான பக்கம் கீழ இருக்கட்டும், அதோட நடுப்புள்ளிய லேசா பென்சில்ல குறிச்சுக்கோங்க. இப்ப அந்தப் புள்ளிய வச்சு வலது மூலைய இடது பக்கமா மடிங்க, இடது மூலைய அது மேல வலது பக்கமா மடிங்க, மூணு பங்கும் சமமா இருக்கணும், அதாவது ஒவ்வொண்ணும் 60 டிகிரி. உடனே அழுத்தித் தேச்சுராதீங்க, முதல்ல லேசா மடிச்சு ரெண்டு ஓரமும் சரியா வந்து உக்காருதான்னு பாத்துட்டு அப்புறம் நகத்தால தேயுங்க. இதுல அர மில்லிமீட்டர் தப்பினாலும் கடைசில ஒரு கை குண்டாவும் ஒரு கை ஒல்லியாவும் வந்துரும். பிறகு அத நேர் பாதியா இன்னொரு தடவ மடிச்சா 30 டிகிரி கூம்பு, மொத்தம் 12 அடுக்கு. மேல நீட்டிக்கிட்டு இருக்கிற காத ஒரே வெட்டுல எடுத்துருங்க.

12 அடுக்குங்கிறதால தடிமனான பேப்பர் வேலைக்கு ஆகாது. பிரிண்டர்ல போடுற 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கிற கணக்கு) பேப்பரே உள்ள போகப் போக கத்தரிக்கோல எதுத்து நிக்கும், உள் அடுக்கு நழுவிரும். 60 ஜிஎஸ்எம் மாதிரி மெல்லிசா இருந்தா நல்லது, டிஷ்யூ பேப்பர்னா இன்னும் நுணுக்கமா வெட்டலாம், ஆனா கிழியாம பிரிக்க பொறுமை வேணும். வெட்டும்போது கத்தரிக்கோல ஒரே இடத்துல வச்சுக்கிட்டு பேப்பரத் திருப்புங்க, வளைவு சுத்தமா வரும். ரெண்டு மடிப்பு ஓரத்துலயும் அங்கங்க கொஞ்சம் விட்டு வைக்கணும், ஒரு ஓரத்த முழுசா வெட்டிட்டா பூ துண்டு துண்டா கைல வந்துரும். கூம்போட நுனில வெட்டுறது நடு ஓட்டை ஆகும், அகலமான பக்கத்துல வெட்டுறது கையோட நுனி ஆகும், இத மனசுல வச்சுக்கிட்டா எங்க வெட்டினா என்ன வரும்னு முன்னாடியே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிரும்.

டிசைனுக்கு ஐடியா வேணும்னா நான் போறது வில்சன் பென்ட்லி எடுத்த படங்களுக்குத்தான். அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல ஜெரிகோன்னு ஒரு ஊர்ல விவசாயம் பண்ணிட்டு இருந்தவர், மைக்ராஸ்கோப்பையும் கேமராவையும் சேத்து 1885 ஜனவரி 15 அன்னிக்கு ஒரே ஒரு பனித்துகள போட்டோ எடுத்தார், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க 5000க்கு மேல எடுத்திருக்கார். அந்தப் படங்கள்ல இருந்து ஒரு கைய மட்டும் பாத்து அதுல பாதிய கூம்பு மேல பென்சில்ல வரைஞ்சு வெட்டிப் பாருங்க, விரிக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடிச்சுக்கும்.

விரிச்சதும் மடிப்பு மடிப்பா நிக்கும், ரெண்டு வெள்ளத் தாளுக்கு நடுவுல வச்சு அயர்ன் பாக்ஸ் குறைஞ்ச சூட்டுல ஒரு தடவ ஓட்டினா படிஞ்சுரும். ஜன்னல்ல ஒட்ட டேப் வேணாம், கண்ணாடில பிசுக்கு நிக்கும், பசைக்குச்சியால நாலு இடத்துல புள்ளி வச்சா போதும், அப்புறமா தண்ணி தொட்டுத் துடைச்சா போயிரும்.

பெருசா தொங்க விடணும்னா 15 சென்டிமீட்டர் சதுரம் ஆறு எடுங்க. ஒவ்வொண்ணையும் முக்கோணமா மடிச்சு, மடிப்புப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துக்கும் இணையா மூணு மூணு கோடு வெட்டுங்க, எதிர் எதிர் கோடுங்க நடுவுல முட்டக் கூடாது, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கணும். விரிச்சுட்டு உள்ள இருக்கிற சின்ன ரெண்டு முனைய குழலா சேத்து ஒட்டுங்க, தாளத் திருப்பி அடுத்த ரெண்டு முனைய அந்தப் பக்கமா ஒட்டுங்க, இப்படி மாத்தி மாத்தி கடைசி வரைக்கும். ஆறும் ஆனதும் நுனிகள நடுவுல சேத்து ஸ்டேப்ளர் அடிச்சு, பக்கத்துக்குப் பக்கம் தொடுற இடத்துல இன்னொரு ஸ்டேப்ளர்.

அடுத்தது உப்பு மாவு. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, தண்ணிய மட்டும் ஒரேயடியா ஊத்திராம 1 கப் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா, பத்து நிமிஷம் நல்லா பிசையணும், கைல ஒட்டாம வரணும். 5 மில்லிமீட்டர் கனத்துக்கு தேச்சு வேணுங்கிற உருவத்துல வெட்டி, நூல் கோக்க ஸ்ட்ராவால ஓட்டை போட்டுருங்க, காஞ்சதுக்கப்புறம் போட்டா உடஞ்சுரும். ஓவன்ல 100 டிகிரி செல்சியஸ்ல 2லிருந்து 3 மணி நேரம், பாதில ஒரு தடவ திருப்பிப் போடணும். சூடு ஏத்தினா சீக்கிரம் ஆகும்னு நினைக்காதீங்க, உப்பி வெடிச்சுரும். ஓவன் இல்லன்னா காத்தோட்டமான இடத்துல பல நாள் காய வைக்கலாம். உப்பு ஈரத்த இழுக்கும்ங்கிறதால பெயிண்ட் அடிச்சு, ரெண்டு பக்கமும் ஓரமும் விடாம வார்னிஷ் கட்டாயம் அடிங்க. வீட்டுல நாய் இருந்தா இத எட்டாத உயரத்துல மாட்டுங்க, இவ்ளோ உப்ப அது கடிச்சுத் தின்னா உயிருக்கே ஆபத்து.

பைன் காய் கிடைச்சா விடாதீங்க. தட்டுல பரப்பி 95 டிகிரில அர மணி நேரம் ஓவன்ல வச்சா உள்ள இருக்கிற பூச்சியும் சாகும், செதிலும் விரியும், பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்க. ஈரம் பட்டா மூடிக்கும், காஞ்சா திறந்துக்கும், அது அதோட இயல்பு. செதில் நுனில மட்டும் வெள்ள பெயிண்ட் தொட்டு வச்சா பனி படிஞ்ச மாதிரியே இருக்கும்.

நீங்க இருக்கிற இடத்துல ராத்திரி உறையிற குளிர் இருந்தா ஐஸ் விளக்கு பண்ணியே ஆகணும், இல்லன்னா ஃப்ரீசர்ல சின்னதா பண்ணலாம். பெரிய பிளாஸ்டிக் டப்பாக்குள்ள சின்ன டப்பா, சின்னதுல கல்லு போட்டா மிதக்காது, நடுவுல 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு தண்ணி ஊத்தி உறைய விடுங்க, இலை, பூ, சிவப்புப் பழம்னு எத வேணாலும் அந்த இடைவெளில சொருகலாம். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், அதனால விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, கண்ணாடிப் பாத்திரம் வேணவே வேணாம். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணிய வெளிப்பக்கம் ஊத்தினா வழுக்கி வந்துரும், கொதிக்கிற தண்ணி ஊத்தினா ஐஸ் விரிசல் விட்டுரும். உள்ள சின்ன எல்இடி விளக்கு போதும்.

மெழுகுவத்திதான் வேணும்னா வெளிய வைக்கிற ஐஸ் விளக்குல மட்டும் வைங்க. பேப்பர் தொங்குற இடத்துக்குக் கீழ நெருப்பு இருக்கவே கூடாது, பக்கவாட்டுலயும் குறைஞ்சது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும், ஆள் இல்லாத ரூம்ல எரிய விடவே கூடாது.

சீசன் முடிஞ்சதும் பேப்பர் ஸ்னோஃப்ளேக்க எல்லாம் ஒரு பெரிய புத்தகத்துப் பக்கங்களுக்கு நடுவுல வச்சுருங்க, உப்பு மாவுல பண்ணத தனித்தனியா டிஷ்யூல சுத்தி ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட காத்துப் புகாத டப்பாவுல போட்டுருங்க, அடுத்த குளிருக்கு அப்படியே எடுத்து மாட்டலாம்.