கியூதாரோ செத்தவன் இல்லை

அக்கா மகனுக்கு ஒருநாள் ஜப்பானியப் படக்கதையில் வரும் கியூதாரோவின் படத்தைக் காட்டி, "இது ஜப்பான் பேய், ஆனா ரொம்ப நல்ல பேய்" என்றேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "யாரு செத்துப்போனா?"

நியாயமான கேள்விதான். தமிழில் பேய் என்று சொல்லிவிட்டால் அதற்கு முன்னால் ஒரு சாவு நடந்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. பேய் என்று நான் சொன்னதுதான் தப்பு. கியூதாரோவைப் பற்றித் தமிழில் பேசுகிற பெரும்பாலானோர் முதலில் சறுக்குகிற இடமும் இதுவே.

'ஒபாகே நோ கியூதாரோ' 1964இல் 'ஷோனென் சண்டே' வார இதழில் தொடங்கிய நகைச்சுவை மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. ஷோதா என்ற பள்ளிச் சிறுவன் தோப்புக்குள் நிஞ்ஜா விளையாட்டு ஆடும்போது பெரிய முட்டை ஒன்று அகப்படுகிறது. அது உடைந்து உள்ளேயிருந்து வெள்ளையாக, தடித்த உதட்டோடு ஒருவன் வருகிறான், அவன்தான் கியூதாரோ. முட்டையிலிருந்து பிறந்தவன் எப்படி ஆவியாக இருக்க முடியும்? ஜப்பானியர்கள் செத்தவரின் ஆவியை 'யூரெய்' என்பார்கள். பழைய ஓவியங்களில் யூரெய்க்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. நம் ஊர்ப் பேய்க்கும் கால் தரையில் படாது என்பார்களே, அந்த மாதிரி. கியூதாரோவுக்கோ இரண்டு கால்கள் பளிச்சென்று தெரிகின்றன. அவன் 'ஒபாகே'. குட்டிப் பூதம் என்றால் ஓரளவு பொருந்தும். குட்டிச்சாத்தான் என்று மட்டும் வேண்டாம், உடனே மந்திரவாதியும் எலுமிச்சம்பழமும் ஞாபகத்துக்கு வந்துவிடும். நான் இப்போது ஒபாகே என்றே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. உருமாறுவதைக் குறிக்கும் 'பகேரு' என்ற வினையிலிருந்து வந்தது அது. ஆக, பெயரிலேயே உருமாறும் தொழில் இருக்கிறது. நம்ம ஆளுக்கு அந்தத் தொழில் மட்டும் வராது. எவ்வளவு முக்கினாலும் செருப்பு, ஷூ வகையறாவாகத்தான் மாற முடியும். நீந்தத் தெரியாத மீன் மாதிரி. பேய் என்று மொழிபெயர்த்தால் இந்தச் சிரிப்பு முழுவதும் போய்விடும்.

அடுத்த தவறு, வயிற்றுப் பையிலிருந்து விதவிதமான கருவிகளை எடுத்துத் தரும் ரோபோ பூனை டோரேமானை மனதில் வைத்துக்கொண்டு இவனைப் படிப்பது. ஒரு சாதாரணப் பையன், அவன் வீட்டிலேயே தங்கிவிட்ட விசித்திர நண்பன் என்று இரண்டும் ஒரே அமைப்பு. டோரேமானுக்கு எலி பயம், கியூதாரோவுக்கு நாய் பயம். அதனால் இவனை டோரேமானின் நகல் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். கணக்கு தலைகீழ். டோரேமான் வந்தது 1969 கடைசியில், ஐந்தாறு வருடம் கழித்து. அதைவிட முக்கியம், கியூதாரோவிடம் பை கிடையாது, கருவி கிடையாது, ஷோதாவின் பிரச்சினைக்குத் தீர்வும் கிடையாது. பறப்பான், கண்ணுக்குத் தெரியாமல் மறைவான், கிண்ணம் கிண்ணமாகச் சோறு தின்பான். உதவப் போய் வேலையை இரட்டிப்பாக்குவான். 'இந்த அத்தியாயத்தில் என்ன மந்திரம் செய்வான்' என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஊரிலிருந்து வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட சித்தப்பாவைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். அப்போது பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வரும்.

தலையில் மூன்று முடி என்பதையும் வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. தொடக்க அத்தியாயங்களில் முடி நிறைய இருக்கும்; போகப்போகக் கொட்டித்தான் மூன்றில் நின்றது. பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு 'யாரோ தப்பாக வரைந்திருக்கிறார்கள்' என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இப்படிக் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. தொலைக்காட்சியில் இவன் 1965, 1971, 1985 என மூன்று தனித்தனித் தொடர்களாக வந்தான். புத்தகங்களோ எண்பதுகளின் கடைசியிலிருந்து 2009 வரை ஜப்பானிலேயே புதிதாக அச்சாகவில்லை. ஆகவே பலருடைய நினைவில் மூன்று தொடர்களும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. 'பகேராத்தா' என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளும் குட்டித் தம்பி ஓ-ஜிரோவை 1964 கதையில் தேடாதீர்கள். அவன் எழுபதுகளின் வரவு. பெயரைக் கவனித்தாலே உறவு தெரியும். 'தாரோ' மூத்த மகனுக்கு வைப்பது, 'ஜிரோ' இரண்டாமவனுக்கு. தங்கை பி-கோவின் 'கோ' பெண்பிள்ளைப் பெயரின் வால். டோரோன்பாவின் பெயரில் இந்த வால் எதுவும் இல்லை. அவன் அமெரிக்க ஒபாகே, வயிற்றில் நட்சத்திரம் வேறு.

படைப்பாளி விஷயத்திலும் கவனம் தேவை. ஃபுஜிகோ ஃபுஜியோ என்பது ஒருவர் அல்ல. ஃபுஜிமோதோ ஹிரோஷியும் அபிகோ மோதோவோவும் பகிர்ந்துகொண்ட புனைபெயர் அது. டோரேமான் ஃபுஜிமோதோவுடையது. கியூதாரோ இருவரும் சேர்ந்து செய்தது, இன்னொரு மாங்கா ஓவியரான இஷிநோமோரி ஷோதாரோவின் கையும் அதில் உண்டு. பதிப்பகமான ஷோகாகுகான் அறுபதுகளில் கட்டிய தலைமையகத்துக்கு 'ஒபா-கியூ கட்டடம்' என்றே பட்டப்பெயர்; ஒபா-கியூ என்பது நம்ம ஆளின் செல்லச் சுருக்கம். காசு எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரிந்திருந்தது போலும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலர் காயப்படுகிறார்கள். 1973இல் ஃபுஜிமோதோ பெரியவர்களுக்கான இதழில் 'கெகிகா ஒபா-கியூ' என்று ஒரு சிறுகதை வரைந்தார். அதைத் தொடரின் இறுதி அத்தியாயம் என்று நினைத்து முதலிலேயே தேடிப் படிக்காதீர்கள். அது தனிக் கதை, கோடுகளே வேறு. ஷோதா இப்போது கல்யாணமான ஆபீஸ்காரன். கியூதாரோ பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான், அதே பசியோடு. சோற்றுக் கணக்கு பார்த்து மனைவி முணுமுணுக்கிறாள். பழைய நண்பர்கள் கூடிக் குடித்து, சின்ன வயசுக் கனவை நிறைவேற்றப்போவதாகச் சபதம் எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் மனைவி தான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்கிறாள். ஷோதா சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு வழக்கம்போல வேலைக்கு ஓடுகிறான். இனி இவன் சிறுவன் இல்லை என்று கியூதாரோவுக்குப் புரிகிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பறந்துபோகிறான்.

அக்கா மகனுக்கு அதை மட்டும் இன்னும் காட்டவில்லை.