மெழுகும் வாட்டர்கலரும்: ஹென்றி மூர் செய்த மாதிரி

வாட்டர்கலரில் தாளின் வெள்ளை இடத்தை வண்ணம் படாமல் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. அதற்கு நான் கையில் எடுப்பது சாதாரண மெழுகு கிரேயான்.

1940-ல் லண்டனில் குண்டுவீச்சு நடந்தபோது, சுரங்க ரயில் நிலையங்களில் தூங்கிய மக்களைச் சிற்பி ஹென்றி மூர் வரைந்தார். அந்த நேரத்தில் அவர்களை உற்றுப் பார்த்து வரைவது அத்துமீறல் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் சின்னக் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாள் வீட்டில் நினைவிலிருந்து வரைந்தார். அந்தப் படங்களில் போர்வை மடிப்புகள் இருட்டிலிருந்து மினுங்குவது மெழுகால்தான்.

நீங்களும் செய்து பாருங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் எடுங்கள். வெளிச்சம் விழும் இடங்களில் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் கிரேயானை அழுத்தித் தேயுங்கள். வெள்ளை மேல் வெள்ளை கண்ணுக்குத் தெரியாது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு தெரியும். அப்புறம் தண்ணீர் கலந்த அடர் வண்ணத்தை அகலப் பிரஷ்ஷால் ஒரே ஓட்டமாகப் பூசுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகும். சொரசொரப்பான தாள் என்றால் கோடு புள்ளி புள்ளியாக உடையும், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

நன்றாகக் காய்ந்த பிறகே இந்திய மையால் (இந்தியன் இங்க் எனும் அடர் கருப்பு மை) கோடு போடுங்கள். மெழுகின் மேல் நிப்பை இழுக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். நல்ல பிரஷ்ஷையும் மெழுகில் தேய்க்க வேண்டாம். இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.